சிடி34 இருந்தால் கல்லீரல் வளருமா? கருவின் கல்லீரலில் மார்க்கர்கள் சொல்வதும் சொல்லாததும்

டெல்லியில் நம்மவர் வீடுகளுக்கு ஏ.எஃப்.பி. (ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம்) என்ற மூன்றெழுத்து இரண்டு வழியாக வந்து சேரும். முனிர்காவிலோ மயூர் விஹாரிலோ இருக்கும் ஒரு கர்ப்பிணிக்கு நான்கு, ஐந்து மாதத்தில் எடுக்கிற குவாட்ரூபிள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில் அது ஒரு வரி. அதே வீட்டில் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய், இருக்கும் பெரியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டோடு சேர்த்து எழுதித் தருகிற பரிசோதனையிலும் அதே வரி இருக்கும். கர்ப்பிணியின் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. இருப்பது இயல்பு, அது வயிற்றில் இருக்கும் குழந்தையின் கல்லீரல் செய்து அனுப்பியது. பெரியவரின் ரத்தத்தில் அது மாதத்துக்கு மாதம் ஏறினால் கல்லீரல் புற்றுநோய் இருக்கிறதா என்று தேட ஆரம்பிப்பார்கள். புரதம் ஒன்றேதான். யாரிடம், எந்த வயதில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருளை மாற்றுகிறது.

மனிதக் கருவின் ரத்தத்தில் இந்தப் புரதத்தை முதலில் பார்த்தது 1956இல், ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரான்டும் சாரும். 1963இல் மாஸ்கோவில் கேரி அபெலெவ் குழு, கல்லீரல் கட்டி வந்த எலிகளில் இதே கருப்புரதம் திரும்ப வருவதைக் கண்டது. அடுத்த ஆண்டே டாடாரினோவ் அதை மனித நோயாளிகளிடம் காட்டினார். கருவின் கல்லீரலை அறிவதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய மார்க்கர்களில் ஒன்று இது. ஸ்டெம் செல் என்றால் தானும் பெருகி, வேறு வகைச் செல்களாகவும் மாறக்கூடிய செல். இன்றைக்கு 'கருவின் கல்லீரலில் ஸ்டெம் செல் மார்க்கர்கள்' என்று எழுதினால் நீளமான பட்டியல் வரும்: எப்கேம், என்கேம், சிகே19, டிஎல்கே1, சிடி133, சிடி34, சிடி90, சிடி117, சாக்ஸ்9 என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை. அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்தால் போதும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மார்க்கர் என்றால் ஒரு செல் தன் மேற்பரப்பிலோ உள்ளேயோ வைத்திருக்கும் ஒரு புரதம், அல்லது அந்த நேரத்தில் அதற்குள் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு மரபணு. அதைக் கண்டுபிடிக்க, அதில் போய் ஒட்டும் ஒரு ஆன்டிபாடியோ வேறு கருவியோ நம்மிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். செல் தன்னைப் பற்றி நமக்கு அறிவிப்பதற்காக அதை வைத்திருக்கவில்லை. எப்கேம் பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொள்ள உதவும் புரதம். சிகே19 செல்லுக்குள் இருக்கும் இழைச் சட்டகத்தின் ஒரு பகுதி. சிடி என்று தொடங்கும் எண்கள், 1982இல் பாரிஸில் நடந்த முதல் பட்டறையிலிருந்து, ஆன்டிபாடிகள் கண்டுபிடிக்கும் மூலக்கூறுகளுக்கு வரிசையாகப் போட்டுவந்த எண்கள். 34க்கும் 133க்கும் தரத்தில் உயர்வு தாழ்வு ஒன்றும் கிடையாது. 'ஸ்டெம் செல் மார்க்கர்' என்ற பெயர், ஸ்டெம் செல்லில் மட்டும் இருக்கும் முத்திரை மாதிரி தோன்ற வைக்கிறது. கல்லீரலில் அப்படி ஒரு முத்திரை இதுவரை கிடையாது. எந்த வாரம், கல்லீரலின் எந்த இடம், பக்கத்தில் யார், கூடவே வேறு எந்தப் புரதம் இருக்கிறது, எது இல்லை என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் ஒரு செல் யாரென்று சொல்ல முடியும்.

முதலில் கல்லீரல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கருத்தரித்த நான்காம் வாரத்தில், பிற்பாடு குடலாகப் போகிற குழாயின் முன்பகுதியில், வயிற்றுப்பக்கச் சுவரில் ஒரு மொட்டு தடிக்கிறது. பக்கத்திலேயே துடிக்க ஆரம்பித்திருக்கும் இதயத் திசு எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை அனுப்புகிறது, பிற்பாடு உதரவிதானத்தின் பகுதியாகப் போகிற இணைப்புத் திசு பிஎம்பி என்ற இன்னொன்றை அனுப்புகிறது. பெரும்பாலும் கோழிக் கருவிலும் எலியிலும் செய்து பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது, மனிதரிலும் அடிப்படை அதேதான் என்று கொள்கிறார்கள். மொட்டின் செல்கள் தங்களுக்குள் இருந்த பிடியைத் தளர்த்திக்கொண்டு அந்த இணைப்புத் திசுவுக்குள் புகுந்து பரவுகின்றன. இந்தச் செல்லுக்கு ஹெப்பட்டோபிளாஸ்ட் என்று பெயர். இதற்கு இரண்டு எதிர்காலம் உண்டு. கல்லீரலின் பெரும் வேலைகளைச் செய்யும் ஹெப்பட்டோசைட்டாக ஆகலாம், அல்லது பித்தநாளத்தின் உட்சுவரைப் போர்த்தும் கோலாஞ்சியோசைட்டாக ஆகலாம். 10ஆம் வாரத்தில் கல்லீரல் கருவின் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் இருக்கும், பிறக்கும்போது 5 சதவீதம், பெரியவர்களிடம் 2 சதவீத அளவு. அந்த வேகத்தில் வளரும் உறுப்பில் மார்க்கர்களும் வாரத்துக்கு வாரம் மாறத்தானே செய்யும்?

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். மகப்பேறு மருத்துவர் வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார். கருவியல் ஆட்கள் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் சுமார் இரண்டு வாரம் வித்தியாசம். ஒரு கட்டுரை 10 வாரம் என்கிறது, இன்னொன்று 8 வாரம் என்கிறது, இரண்டும் ஒரே கருவைப் பற்றியதாக இருக்கலாம். 'இந்த மார்க்கர் 8ஆம் வாரத்தில் இருக்கிறதா, இல்லையா' என்று நடக்கிற சண்டைகளில் சில, யார் எங்கிருந்து எண்ணினார்கள் என்று பார்த்தாலே தீர்ந்துபோகும். ஆய்வுக் கட்டுரை படிக்கிறவர்கள் முதலில் செய்முறைப் பகுதிக்குப் போய் இதைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது இன்னும் பெரிய குழப்பம். கருவின் கல்லீரலில் இருப்பது கல்லீரல் செல்கள் மட்டுமல்ல. ஹெப்பட்டோபிளாஸ்ட் வீட்டுக்காரர் என்றால், ரத்தம் உண்டாக்கும் செல்கள் அங்கே குடித்தனம் வந்தவை. பெருந்தமனியை ஒட்டிய இடத்தில் உருவாகும் ரத்த ஸ்டெம் செல்கள் சில வாரங்களில் கல்லீரலுக்கு வந்து தங்குகின்றன. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் ரத்தம் உண்டாகும் முக்கியமான இடமே கல்லீரல்தான், எலும்பு மஜ்ஜை பிற்பாடுதான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. கடைசி இரண்டு மாதத்தில் கல்லீரலில் ரத்த உற்பத்தி வடிந்து, பிறக்கும்போது சிறு சிறு தீவுகள்தான் மிச்சம் இருக்கும். நடுக்கர்ப்பக் கல்லீரலில் ஒரு துண்டை எடுத்துச் செல் செல்லாகப் பிரித்தால் கிடைப்பதில் பெரும்பகுதி இந்தக் குடித்தனக்காரர்கள்தான், அதிலும் சிவப்பணுவாகப் போகிற செல்கள் ஏராளம்.

இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கவனிக்காமல் இருப்பதில்லை. ரத்த செல்கள் ஆன்கோஸ்டாட்டின் எம் என்ற ஒரு சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. ஜப்பானில் மியாஜிமா குழு 1999இல் எலிகளின் கருக் கல்லீரல் செல்களை வைத்துக் காட்டியது இது: அந்தப் புரதம் பட்டதும் கல்லீரல் செல் முதிர்கிறது, முதிர்ந்த கல்லீரல் செல்லால் ரத்த உற்பத்தியைத் தாங்க முடிவதில்லை. தான் இருக்கும் இடத்தை முதிர வைத்து, அதனாலேயே தான் வெளியேற வேண்டிய நிலையையும் ரத்த செல்லே உண்டாக்குகிறது. கருவளர்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

இப்போது சிடி34க்கு வருவோம். 1984இல் கர்ட் சிவின் குழு கண்டுபிடித்தது, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் இன்றைக்கும் தினமும் எண்ணப்படுவது. கருவின் கல்லீரலிலிருந்து சிடி34 உள்ள செல்களைப் பிரித்தெடுத்தேன், இவை கல்லீரல் ஸ்டெம் செல்கள் என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ரத்த ஸ்டெம் செல்லும் அதன் வாரிசுகளும், கூடவே ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களும். ஏனென்றால் சிடி34 அங்கேயும் உண்டு. சிடி117ம் அதே கதை, ரத்த முன்னோடி செல்களிலும் மாஸ்ட் செல்களிலும் இருப்பது. அதனால்தான் கல்லீரல் தரப்பு ஸ்டெம் செல்லைத் தேடுகிறவர்கள் முதலில் வெள்ளணுக்களின் அடையாளமான சிடி45 உள்ளதையும், சிவப்பணு வரிசையின் கிளைகோஃபோரின் உள்ளதையும் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்கிறார்கள். எது இல்லை என்பதும் அடையாளத்தில் பாதி.

இந்தக் கழித்தல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எப்கேம் நல்ல உதாரணம். எழுபதுகளின் கடைசியில் பெருங்குடல் புற்றுநோய் ஆராய்ச்சியில் அகப்பட்ட புரதம் அது. கல்லீரல் ஸ்டெம் செல்லைப் பிரிக்க இன்று பலரும் நம்பியிருப்பது அதைத்தான். ஆனால் சிவப்பணு உருவாகும் பாதையில் ஆரம்பக் கட்டச் செல்களிலும் எப்கேம் வந்துபோகிறது என்று 2002இலேயே தெரிந்துவிட்டது. சிவப்பணு முன்னோடிகள் நிரம்பி வழியும் கருக் கல்லீரலில், எப்கேம் ஆன்டிபாடியைக் காந்தத் துகளில் கட்டி இழுத்தால் இரண்டு தரப்பும் சேர்ந்தே வரும். கிளைகோஃபோரினை முதலில் கழிக்காமல் 'எப்கேம் பாசிட்டிவ் இத்தனை சதவீதம்' என்று போடும் எண்ணை நான் நம்பமாட்டேன்.

ஸ்லைடில் பார்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். திசு நோயியல் லேபில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், கருக் கல்லீரல் ஸ்டெயின் செய்வதற்கு, அதாவது நிறமேற்றிப் பார்ப்பதற்கு, கஷ்டமான திசு. வழக்கமான முறையில் ஆன்டிபாடியோடு பெராக்சிடேஸ் என்ற நொதியைக் கட்டிவிட்டு, அது டிஏபி என்ற ரசாயனத்தைப் பழுப்பாக மாற்றுவதைப் பார்க்கிறோம். பழுப்பு எங்கேயோ அங்கே புரதம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ரத்த செல்கள் பெராக்சிடேஸ் வேலையைத் தாங்களாகவே செய்யக்கூடியவை, கருக் கல்லீரல் முழுக்க அவைதான். ஹைட்ரஜன் பெராக்சைடில் சரியாக ஊற வைத்து அந்த வேலையை அடக்காவிட்டால் ஆன்டிபாடியே போடாத ஸ்லைடும் பழுப்பாக வரும். இன்னொன்று பயோட்டின் என்ற வைட்டமின். கல்லீரலில் இயல்பாகவே பயோட்டின் அதிகம், அவிடின், பயோட்டின் ஜோடியை வைத்துச் செய்யும் பழைய கிட் அதையும் பிடித்துக்கொள்ளும். ஆன்டிபாடி போடாத கன்ட்ரோல் ஸ்லைடைப் பக்கத்தில் வைக்காமல் 'ஹெப்பட்டோபிளாஸ்ட் முழுக்க பாசிட்டிவ்' என்று படம் போட்டால், அந்தப் படத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. அப்புறம், செல்களைப் பிரிக்கப் பயன்படுத்தும் நொதிகள் மேற்பரப்புப் புரதங்களைச் சீவிவிடக்கூடும். அப்போது இருக்கிற மார்க்கரும் இல்லாத மாதிரி தெரியும்.

சரி, கல்லீரல் தரப்புக் கதையில் என்ன தெரியும்? என் பார்வையில் சிகே19 சொல்கிற கதைதான் எல்லாவற்றையும்விடத் தெளிவானது. பெல்ஜியத்தில் டெஸ்மெட், வான் ஐக்கன், ரோஸ்காம்ஸ் ஆகியோர் எண்பதுகளிலிருந்து ஸ்லைடு ஸ்லைடாக உட்கார்ந்து பார்த்து எழுதியது. ஆரம்பத்தில் எல்லா ஹெப்பட்டோபிளாஸ்டிலும் சிகே8, சிகே18, சிகே19 மூன்றும் உண்டு. கர்ப்பத்தின் 10 முதல் 14 வாரத்துக்குள் பெரும்பான்மை செல்களில் சிகே19 மறைகிறது, அவை ஹெப்பட்டோசைட் ஆகும் பாதையில் போகின்றன. ஆனால் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையை ஒட்டி நிற்கும் செல்களில் மட்டும் சிகே19 குறைவதற்குப் பதிலாக இன்னும் பலமாகிறது. சிரையைச் சுற்றி ஒரு வரிசை, சில இடங்களில் இரட்டை வரிசை, மைக்ரோஸ்கோப்பில் பழுப்பு வளையமாகத் தெரியும். இதற்கு டக்டல் பிளேட் என்று பெயர். இரட்டை வரிசைக்கு நடுவில் அங்கங்கே குழல் திறக்கிறது, அந்தக் குழல்கள் பித்தநாளங்களாகின்றன, மிச்ச வளையம் கரைந்துபோகிறது. சிகே7 இதற்கெல்லாம் பிறகு, கர்ப்பத்தின் பாதியை ஒட்டித்தான் நாளங்களில் தெரிய ஆரம்பிக்கும்.

ஒரே புரதத்துக்கு 9 வாரத்தில் 'இன்னும் முடிவெடுக்காத செல்' என்று அர்த்தம், 16 வாரத்தில் 'பித்தநாளப் பாதையில் போகிற செல்' என்று அர்த்தம், பெரியவர்களின் கல்லீரலில் 'பித்தநாளச் செல்' என்று அர்த்தம், கல்லீரல் புற்றுநோய்க் கட்டியில் தெரிந்தால் நோய் மோசமாகப் போகக்கூடும் என்று அர்த்தம். வாரத்தையும் இடத்தையும் சொல்லாமல் 'சிகே19 ஒரு ஸ்டெம் செல் மார்க்கர்' என்று ஒற்றை வாக்கியம் எழுதுவது ஏன் போதாது என்பது இப்போது புரிந்திருக்கும்.

போர்ட்டல் சிரையைச் சுற்றி மட்டும் ஏன் இப்படி? அந்தச் சிரையைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவிலிருந்து ஜாக்1 என்ற புரதம் பக்கத்து ஹெப்பட்டோபிளாஸ்டின் நாட்ச் ஏற்பியைத் தொடுகிறது, டிஜிஎஃப் பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியும் அங்கே அதிகம். சாக்ஸ்9 மரபணு அங்கே விழித்துக்கொள்கிறது. இந்தச் சங்கிலியில் ஜாக்1 மரபணு பழுதானால் அலஜீல் சிண்ட்ரோம் வருகிறது, 1997இல் அந்தத் தொடர்பு உறுதியானது. அந்தக் குழந்தைகளின் கல்லீரலில் பித்தநாளங்கள் எண்ணிக்கையில் குறைவு. பயாப்ஸியில் நாளம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்போது நோயியல் மருத்துவர் சிகே7, சிகே19 ஸ்டெயின் கேட்பது இதனால்தான். குறைமாதக் குழந்தையாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், நாளங்கள் முழுதாக உருவாகி முடிவதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தை அது. குறைவு என்று எழுதுமுன் எத்தனை வாரத்தில் பிறந்தது என்று கேட்டாக வேண்டும்.

ஹெப்பட்டோபிளாஸ்டுக்கும் முந்தைய ஒரு ஸ்டெம் செல் உண்டா என்ற கேள்வியும் இருக்கிறது. 2007இல் வட கரோலினாவில் லோலா ரீட் குழு உண்டு என்றது. கருவின் கல்லீரலிலிருந்தும் பிறந்தபின் கிடைத்த கல்லீரல்களிலிருந்தும் எப்கேம் உள்ள செல்களைப் பிரித்து வளர்த்துப் பார்த்தார்கள். அவர்கள் வரையறையில் கல்லீரல் ஸ்டெம் செல்லில் எப்கேம், என்கேம், சிகே19 மூன்றும் உண்டு, கல்லீரல் செய்யும் ரத்தப் புரதமான அல்புமின் கொஞ்சமாக உண்டு, ஏ.எஃப்.பி. இல்லை. அதிலிருந்து வரும் ஹெப்பட்டோபிளாஸ்டில் ஏ.எஃப்.பி. பலமாக உண்டு, என்கேம் போய் அதன் இடத்தில் ஐகேம்-1 என்ற இன்னொரு ஒட்டுப் புரதம் வருகிறது. கல்லீரல் திசுச் செல்களில் இந்த ஸ்டெம் செல்கள் 0.5 முதல் 2.5 சதவீதம் என்று கணக்குச் சொன்னார்கள். இந்த வேலையில் நான் மதிப்பது, ஒரே ஒரு புரதத்தில் நிற்காமல் ஒரு சேர்க்கையைக் கேட்டதையும், பிரித்த செல்லை வளர்த்துப் பார்த்து அது உண்மையிலேயே இரண்டு பக்கமும் போகிறதா என்று சோதித்ததையும். எல்லோரும் அந்த வரிசைமுறையை ஒப்புக்கொண்டுவிடவில்லை, விவாதம் இன்னும் நடக்கிறது.

பழைய மார்க்கர்களில் ஒன்று அடியோடு சரிந்த கதையும் உண்டு. சிடி90 ரொம்ப நாள் எலிகளின் கல்லீரல் முன்னோடி செல்களுக்கு, அதாவது ஓவல் செல்களுக்கு, அடையாளமாகக் கருதப்பட்டது. 2007இல் ஒரு ஹங்கேரியக் குழு அதைத் திசுவில் இடம் பார்த்து ஸ்டெயின் செய்தபோது, சிடி90 ஓவல் செல்லில் இல்லை, அதை ஒட்டிப் படுத்திருக்கும், தழும்புத் திசுவை உண்டாக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்டில் இருக்கிறது என்று தெரிந்தது. செல்களைப் பிரித்துக் கருவியில் ஓட்டும்போது இடம் தொலைந்துபோகிறது. எந்தச் செல் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று தெரியாமல் போனால் இந்த மாதிரித் தவறு பல ஆண்டு தாக்குப்பிடிக்கும்.

2019இல் இரண்டு பெரிய வேலைகள் வந்தன. முஸ்லிஃபா ஹனிஃபா குழு 7 முதல் 17 வாரம் வரையான கருக் கல்லீரல்களிலிருந்து சுமார் 1,40,000 செல்களில் ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று தனித்தனியாகப் படித்து, ரத்த உற்பத்தியின் வரைபடத்தைப் போட்டது. அதே ஆண்டு லண்டனிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, கல்லீரல், பித்தநாளம் இரண்டின் தன்மையையும் ஒருங்கே வைத்திருக்கும் ஒரு கலப்பு முன்னோடிச் செல்லைக் கருக் கல்லீரலில் காட்டியது. இந்த முறையில் ஒன்றிரண்டு புரதத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் இங்கேயும் இடம் தொலைகிறது, அதனால் கடைசியில் மறுபடி ஸ்லைடுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

இந்த வரைபடங்களால் இன்றைக்குக் கைமேல் கிடைக்கும் பயன் எது என்று கேட்டால், லேபில் வளர்க்கும் கல்லீரல் செல்லின் வயதைக் கணிப்பது என்பேன். தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி ஐபிஎஸ் செல் ஆக்கி, அங்கிருந்து கல்லீரல் செல் உண்டாக்குகிறார்கள். அல்புமின் சுரக்கிறது, பார்ப்பதற்கும் ஹெப்பட்டோசைட் மாதிரி இருக்கிறது. ஆனால் ஏ.எஃப்.பி. நிற்பதில்லை, மருந்தைச் சிதைக்கும் நொதிகளில் பெரியவர்களுக்கு உரிய சிஒய்பி3ஏ4 போதாமல் கருவுக்கு உரிய சிஒய்பி3ஏ7 ஓங்கி நிற்கிறது. அதாவது அந்தச் செல் இன்னும் கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் கல்லீரல் வயதிலேயே நின்றுவிட்டது. ஒரு புது மருந்து கல்லீரலுக்கு விஷமா என்று அதில் சோதித்தால் விடை பிழையாகலாம்.

இனி பெரியவர்களின் கல்லீரல். வெட்டினாலும் வளரும் உறுப்பு என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் உள்ளே ஸ்டெம் செல் நிறைய இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். 1998இல் இதே டெல்லியில், காஞ்சிபுரத்திலிருந்து வந்த, இரண்டு வயதுகூட ஆகாத ஒரு குழந்தைக்கு அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள், இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். அந்தக் குழந்தைக்கு இருந்தது பிலியரி அட்ரீசியா, பித்தநாளம் அடைபட்டு அழியும் நோய். இப்படிக் கொடையாளியிடம் மிஞ்சிய கல்லீரலும், நோயாளிக்கு வைத்த துண்டும் வளர்கிறதே, அது ஸ்டெம் செல் வேலை அல்ல. ஏற்கெனவே முதிர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும் ஹெப்பட்டோசைட்டுகளே பெருத்து, பிரிந்து அளவைச் சரிசெய்கின்றன. 1931இல் ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டிக் காட்டியதிலிருந்து தொடரும் ஆராய்ச்சி இதைத்தான் சொல்கிறது.

நாள்பட்ட நோயில், ஹெப்பட்டோசைட்டுகளே களைத்துப் பிரிய முடியாமல் போகும்போதுதான் வேறு வழி தெரிகிறது. ஹெரிங் கால்வாய் என்ற, நுண்ணிய நாளம் ஹெப்பட்டோசைட்டோடு சேரும் இடத்திலிருந்து, சிகே19, எப்கேம் உள்ள சின்னச் சின்ன செல்கள் பெருகி வரிசை வரிசையாக உள்ளே போகின்றன. சிரோசிஸ் பயாப்ஸியில் இது சாதாரணமாகத் தெரியும். அவை உண்மையில் ஹெப்பட்டோசைட்டாக மாறுகின்றனவா? எலிகளில் ஹெப்பட்டோசைட்டின் பெருக்கத்தை வேண்டுமென்றே தடுத்தால் பித்தநாளச் செல்கள் ஹெப்பட்டோசைட்டாக மாறுவதை 2017இல் எடின்பரோ குழு காட்டியது. தடுக்காவிட்டால் பெரும்பாலும் மாறுவதில்லை. கருவில் பார்த்த அதே மார்க்கர்கள் இங்கே திரும்பத் தெரிகின்றன என்பதால் கருவின் திறனும் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரிலிருந்து கல்லீரல் நோயோடு டெல்லிக்கு வருகிறவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள், வசந்த் குஞ்சில் கல்லீரலுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது, எய்ம்ஸ் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் யாராவது ஒரு தனியார் கிளினிக்கின் துண்டறிக்கையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆர்.கே.புரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு அண்ணன், மச்சானுக்கு சிரோசிஸ் என்று அலைந்துகொண்டிருந்தவர், அப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். 'சிடி34+, சிடி90+ செல்கள், சேதமான கல்லீரலைப் புதுப்பிக்கும்' என்று அச்சடித்திருந்தது.

"தம்பி, டெஸ்ட் ரிப்போர்ட்டும் கூடவே குடுக்கறாங்களாம். பாசிட்டிவ்னு வந்தா அது லிவரா மாறிடும்தானே?" என்றார்.

"அண்ணே, அந்த ரிப்போர்ட் பொய்யா இருக்கணும்னு இல்ல. சிடி34 பாசிட்டிவ்னா அது ரத்த வழி செல்லுன்னுதான் அர்த்தம். லிவர் செல்லா மாறும்னு அதுல எங்கேயும் இல்ல" என்றேன்.

"அப்ப எதுக்கு அத அச்சடிச்சிருக்கான்?"

அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. மார்க்கர் பெயரும் எண்ணும் பார்த்தால் விஞ்ஞானம் மாதிரி இருக்கிறது, அதனால் அச்சடிக்கிறார்கள். மஜ்ஜையிலிருந்து வரும் ரத்த ஸ்டெம் செல் கல்லீரல் செல்லாக மாறுகிறது என்று 2000 வாக்கில் எலி ஆய்வுகள் சொன்னது உண்மை. 2003இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்த்தபோது, அந்த எலிகளில் மஜ்ஜை வழிச் செல் கல்லீரல் செல்லோடு ஒட்டி ஒன்றாகிவிட்டிருந்தது, மாறவில்லை என்று தெரிந்தது. மனிதரிலும் சோதித்தாயிற்று. பிரிட்டனில் சிரோசிஸ் நோயாளிகள் 81 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ரியலிஸ்டிக் என்ற ஆய்வில், நோயாளியின் சொந்த, சிடி133 உள்ள ரத்த ஸ்டெம் செல்களைத் திரும்பத் திரும்பச் செலுத்தியும் கல்லீரலின் செயல்திறன் கூடவில்லை.

கருக் கல்லீரல் செல்களையே நேரடியாகச் செலுத்திப் பார்த்ததும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. ஹைதராபாத்தில் ஹபிபுல்லா குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், கருக் கல்லீரலிலிருந்து எப்கேமை வைத்துப் பிரித்த செல்களை 25 சிரோசிஸ் நோயாளிகளுக்குக் கல்லீரல் தமனி வழியாகச் செலுத்தி, ஆறு மாதத்தில் நோயின் தீவிர மதிப்பெண் குறைந்ததாகச் சொன்னார்கள். கவனிக்க வேண்டிய வேலைதான், குறைந்தபட்சம் கல்லீரல் தரப்பு மார்க்கரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் 25 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. அதை வைத்து ஒருவருக்குச் சிகிச்சையாக விற்கும் அளவுக்கு ஆதாரம் ஆகாது.

விதி என்ன சொல்கிறது என்பதையும் அண்ணனிடம் சொன்னேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வெளியிட்ட 2017 தேசிய வழிகாட்டுதல்களின்படி, ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர வேறு எந்த ஸ்டெம் செல் பயன்பாடும் நிலைநாட்டப்பட்ட சிகிச்சை கிடையாது. கல்லீரல் உட்பட மற்றதெல்லாம் அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம், அப்படி ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேடு இருக்கிறது, 2009 ஜூனிலிருந்து அதில் பதிவு கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து தேடலாம். பதிவான ஒவ்வொரு ஆய்வுக்கும் சிடிஆர்ஐ என்று தொடங்கி ஆண்டும் மாதமும் வரும் ஒரு எண் உண்டு. துண்டறிக்கையை யார் நீட்டினாலும் அந்த எண்ணைக் கேளுங்கள். கொடுத்தால் பதிவேட்டில் போட்டு, என்ன நோய்க்கு, எந்தச் செல், யார் பொறுப்பு, எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது என்று படித்துவிட்டு, அந்தப் பக்கத்தை அச்செடுத்து உங்கள் கல்லீரல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.